எடுத்த பிறகே தெரிந்த நோய்

நாற்பதைத் தாண்டியவள், மூன்று நான்கு பெற்றவள், மாதாமாதம் பெரும்பாடு, கருப்பை சற்றுப் பெரியது. அடினோமயோசிஸ் என்ற நோய்க்கு எங்கள் காலத்துப் பாடப்புத்தகங்கள் சொன்ன அங்க அடையாளம் இவ்வளவுதான். நோயியல் தேர்வில் இதை மளமளவென்று ஒப்பித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். பிள்ளையில்லாத பெண்ணுக்கு அந்த அடையாளத்தில் இடமே கிடையாது.

படித்து முடித்து நான் அந்தத் துறையிலேயே தங்கிவிட்டேன். தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், ஓய்வு பெறும்வரை, எனக்கு வாய்த்த இடம் கிராஸிங் மேசை. ஆபரேஷன் தியேட்டரில் எடுக்கும் எதுவானாலும் அங்கேதான் வந்து சேரும். “மேடம், யூட்ரஸ் வந்திருக்கு” என்று அட்டெண்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து வைப்பார். மூடியைத் திறந்தால் ஃபார்மலின் நெடியில் கண் கரிக்கும். டப்பாவோடு ஒரு படிவம் வரும். வயது, என்ன தொந்தரவு, எத்தனை பிரசவம். பி3எல்3 என்றால் மூன்று பிரசவம், மூன்றும் உயிரோடு. பி4எல்3 என்றால் ஒன்று போய்விட்டது. அதற்குக் கீழே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று ஒரு வரி.

எடை போட்டு, அளந்து, கத்தியால் இரண்டாகத் திறப்போம். ஃபைப்ராய்டு கட்டியாக இருந்தால் சுற்றியுள்ள தசையிலிருந்து நுங்கு நழுவுவதுபோல முழுசாகப் பிரிந்து வரும். அடினோமயோசிஸ் அப்படி வராது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. சுவர், அதிலும் பெரும்பாலும் பின்சுவர், தடித்து வரிவரியாக இருக்கும். நடுநடுவே பழைய ரத்தத்தின் பழுப்புப் புள்ளிகள். ஸ்லைடைப் பார்த்தால் காரணம் புரியும். கருப்பையின் உள்ளறையில் இருக்க வேண்டிய சவ்வு, சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவுமாகத் தசைக்குள் இறங்கியிருக்கும். குடலில் உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே இன்னோர் அடுக்கு உண்டு. கருப்பையில் அது இல்லை. சவ்வு தசைமேல் நேராகவே படிந்திருக்கிறது. தசைக்குள் இறங்கிய சவ்வு ஹார்மோனுக்கு ஏற்ப அங்கேயும் வீங்கும், சில சமயம் கசியும். கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லை. சுற்றிலும் தசை பருத்துக்கொள்ளும். வலியும் பெரும்பாடும் இதன் விளைவு.

இந்த நோய் பிள்ளைப்பேற்றுக்குக் குறுக்கே நிற்குமா என்று மருத்துவம் முறையாகக் கேட்கத் தொடங்கிச் சுமார் முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. நோயை முதலில் பார்த்தது 1860-இல். நடுவே இருந்த அத்தனை ஆண்டும் கேள்வி எழாமல் போனதற்குக் காரணம் எங்கள் மேசையிலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

வியன்னாவில் தொடங்க வேண்டும். கார்ல் ஃபான் ரோக்கிடான்ஸ்கி அங்கே சவப்பரிசோதனையை ஒரு தனிக் கல்வியாகவே வளர்த்த பேராசிரியர். கருப்பைத் தசைக்குள் சுரப்பிகள் வளர்ந்திருப்பதை 1860-இல் எழுதியவர் அவர். ஆனால் அதை ஒருவகைக் கட்டியாகக் கணக்கில் வைத்தார். 1896-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஃப்ரீட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் இதே சுரப்பிகளைப் பற்றித் தடிமனான ஒரு நூலை வெளியிட்டார். கரு வளரும்போது மறைந்துபோக வேண்டிய வுல்ஃபியன் உறுப்பின் மிச்சம்தான் இவை என்பது அவர் வாதம். அன்றைய ஐரோப்பிய நோயியலில் அவர் பெயருக்கு இருந்த கனத்தில் அந்த வாதமும் நின்றது.

அதை அசைத்தவர் தாமஸ் கல்லன். கனடாவின் ஒண்டாரியோவில் 1868-இல் பிறந்து, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தவர். 1894-இல் தியேட்டரிலிருந்து வந்த ஒரு பருத்த கருப்பையைத் திறந்தார். முன்சுவர் மட்டும் தடித்திருந்தது. தன் பேராசிரியர் வில்லியம் வெல்ச்சிடம் காட்டினார். வெல்ச்சுக்கும் அது புதிதாகவே இருந்தது. கல்லன் விடவில்லை. உறையவைத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி அவசரமாக ஸ்லைடு போடும் முறையை 1895-இல் வெளியிட்டவரும் அவரே. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே முடிவு சொல்ல இன்றைக்கும் நாங்கள் செய்யும் வேலையின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. மேசையில் நின்று பழகிய கை என்பது அவர் எழுத்தைப் படித்தாலே தெரியும்.

1908-இல் அவர் நூல் வந்தது. 1,283 கட்டிக் கருப்பைகளைப் பார்த்ததில் 73-இல் இந்த நோய் இருந்ததாகக் கணக்குச் சொன்னார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. தசைக்குள் ஆழத்தில் கிடந்த சுரப்பியை அடுத்தடுத்த துண்டுகளில் பின்தொடர்ந்து, அது உள்ளறைச் சவ்விலிருந்தே புறப்பட்டு வந்திருப்பதைக் காட்டினார். ஓவியர்கள் ஹெர்மன் பெக்கரும் ஆகஸ்ட் ஹார்னும் வரைந்த படங்கள் அந்த நூலில் இருக்கின்றன. இப்போதைய கேமராவில் எடுத்த படத்தைவிட எனக்கு அவர்கள் கோடுகளே தெளிவாகத் தெரியும்.

வியன்னாவின் ஆஸ்கர் ஃப்ராங்கல் 1925-இல் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஜான் சாம்ப்சன், இதே சவ்வு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் வயிற்றறையிலும் ஒட்டி வளர்வதை ஆராய்ந்து அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயரிட்டார். அதுவரை ஒன்றாகப் பேசப்பட்டவை இரண்டு நோய்களாகப் பிரிந்தன. பாகப்பிரிவினைக்குப் பின் இரண்டின் தலையெழுத்தும் வேறுவேறாகிவிட்டது. எண்டோமெட்ரியோசிஸை வயிற்றைத் திறந்தால் பார்க்கலாம். பிற்காலத்தில் லேப்ராஸ்கோப்பி வந்ததும் சிறு துளை வழியாகவே பார்க்கலாம். பிள்ளையில்லை என்று வந்த இளம்பெண்ணின் வயிற்றில் அது தென்பட்டது. ஆகவே மலட்டுத்தன்மைக்கும் அதற்கும் உள்ள உறவு மருத்துவரின் கண்ணெதிரே நின்றது. அடினோமயோசிஸ் சுவருக்குள் இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முழுக் கருப்பையும் டப்பாவில் வந்து, கத்தி பட்டு, ஸ்லைடு ஏறினால்தான் உண்டு.

டப்பாவில் வந்தது யாருடைய கருப்பை? பெரும்பாடு தாங்காமல், இனி பிள்ளை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவளுடையது. முப்பது வயதில் பிள்ளைக்காக ஏங்குகிறவளின் கருப்பையை எந்த அறுவை மருத்துவரும் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. எனவே எங்கள் மேசைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தாய்மார்கள். அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இது பிள்ளை பெற்றவர்களுக்கு வரும் நோய் என்று புத்தகத்தில் எழுதினோம். பிரசவத்தில் கருப்பை நலிவதால் சவ்வு உள்ளே இறங்குகிறது என்று காரணமும் கண்டுபிடித்தோம். அந்தக் காரணத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பிள்ளையில்லாதவர்களின் கணக்கு எடுக்கப்படவே இல்லை.

எடுத்த கணக்கிலும் ஓட்டை உண்டு. 1972-இல் அமெரிக்காவில் பேர்டும் அவர் சகாக்களும் தொடர்ச்சியாக வந்த 200 கருப்பைகளைப் பார்த்தார்கள். வழக்கப்படி மூன்று துண்டு வெட்டியபோது 31 சதவீதத்தில் நோய் தெரிந்தது. கூடுதலாக ஆறு துண்டு வெட்டினார்கள், 61.5 சதவீதமாக ஏறியது. பெண்கள் அவர்களே, கருப்பைகளும் அவையே. எத்தனை துண்டு வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நோய் இரட்டிப்பாகிறது. சவ்வு எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் நோய் என்று சொல்வது என்பதிலும் ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு இத்தனை டப்பா என்று குவியும் அரசு மருத்துவமனையில் யார் ஒன்பது துண்டு வெட்டுவார்கள்?

டப்பாவில் வராதவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். என் அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை. தாமிரபரணிக் கரையில் வாக்கப்பட்டவள். மாதத்தில் மூன்று நாள் பின்கட்டுத் தரையில் சுருண்டு கிடப்பாள். வெந்நீர் ஊற்றிய பித்தளைச் செம்பைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் அமுக்கிக்கொள்வாள். ஆச்சி சுக்கும் கருப்பட்டியும் இடித்துக் கொடுப்பாள். “கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்னு சொன்னாவ, ஆச்சு. ஒண்ணு பெத்தா சரியாப் போயிரும்ங்காவ, அதுக்குத்தான் வழியில்ல” என்று பெரியத்தை ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. முழுகாமல் இருந்ததும் உண்டு, மூன்றாம் மாதம் தாண்டித் தங்கியதில்லை. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் போய் விரதம் இருப்பாள். வளைகாப்பு வீடுகளில் அடுக்களை வேலை முழுக்கச் செய்வாள். வளையல் போடும் நேரத்துக்குத் தானே ஒதுங்கிக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை.

அவளுக்கு அடினோமயோசிஸ் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஸ்லைடு பார்க்காமல் முடிவு எழுதுவது எங்கள் தொழிலில் கிடையாது. ஆனால் அவளைப் போன்றவர்களை யாராவது பார்த்திருந்தால் புத்தகத்து வரி அப்படி இருந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

பார்க்கும் வழி கத்தியில்லாமல் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் வயிற்றுக் கட்டிகளை ஒலியலையால் பார்க்கலாம் என்று 1958-இல் எழுதினார். 1980-களில் யோனி வழியே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் வந்ததும் கருப்பைச் சுவர் நெருக்கத்தில் தெரிந்தது. 1983-இல் ஹெட்விக் ஹ்ரிசாக்கும் சகாக்களும் கருப்பையை எம்ஆர்ஐயில் படமெடுத்தபோது, சவ்வுக்கு அடியில் தசையின் உட்பகுதி ஒரு கரும்பட்டையாகத் தனித்துத் தெரிந்தது. நூறாண்டுக்கு மேலாகக் கருப்பையை வெட்டிவந்த நாங்கள் அப்படியொரு பட்டையைத் தனியாகப் பிரித்துச் சொன்னதில்லை. சாதாரண ஸ்லைடில் அது மற்றத் தசையிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. கதிரியக்கத் துறைக்காரர்கள் வந்து எங்களுக்கே எங்கள் உறுப்பைக் காட்டினார்கள். அந்தப் பட்டை தடித்திருப்பதே இந்த நோயின் அடையாளம் என்பது பின்னர் தெளிவானது; 12 மில்லிமீட்டரைத் தொட்டால் நோய் என்று 1990-களில் ஒரு வரம்பும் வந்தது.

அதன்பின் முதல்முறையாக, உள்ளே இருக்கும் கருப்பையில் நோயைத் தேட முடிந்தது. பிள்ளையில்லை என்று வந்த இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண்களிடம் தேடினார்கள், இருந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் குன்ஸ், லேயண்டெக்கர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட எம்ஆர்ஐ ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 79 சதவீதம் பேருக்கு அடினோமயோசிஸும் இருந்தது. அது இல்லாதவர்களில் 28 சதவீதம். சாம்ப்சன் காலத்தில் பிரிந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தே குடியிருந்திருக்கின்றன.

என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் உறைத்தது குரங்குக் கணக்கு. 2004-இல் அமெரிக்காவில், வளர்ப்பில் இருந்து இறந்த பபூன் குரங்குகளின் சவப்பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். வாழ்நாளில் ஒரு குட்டியும் ஈனாத பெண் குரங்குகளோடு இந்த நோய் வலுவாகச் சேர்ந்திருந்தது. அங்கே குட்டி ஈன்றதா இல்லையா என்று பார்த்து யாரும் கருப்பையை எடுக்கவில்லை. எங்கள் மேசையில் இருந்த சாய்வு அங்கே இல்லாததால் விடையும் தலைகீழாக வந்தது.

எப்படித் தடுக்கிறது என்பதற்கும் டார்ம்ஸ்டாட் குழுவே ஒரு திறப்பைக் கொடுத்தது. கருப்பை பிரசவத்தில் மட்டும் சுருங்குவதில்லை. அந்த உட்பட்டை எந்நேரமும் மெல்ல அலையடித்துக்கொண்டிருக்கிறது. முட்டை வெளிவரும் நாளை ஒட்டி அந்த அலை கீழிருந்து மேல்நோக்கி ஓடும். விந்தணு அளவுள்ள துகள்களில் சிறிதளவு கதிரியக்கம் ஏற்றி யோனியில் வைத்துப் படமெடுத்தபோது, சில நிமிடங்களிலேயே அவை கருக்குழாய்வரை போயின. அதுவும் அந்த மாதம் முட்டை முதிரும் பக்கத்துக் குழாய்க்கே கூடுதலாக. 1996-இல் வந்த ஆய்வு இது. விந்தணு நீந்திப் போகிறது என்று படித்தோமே, பாதி வழி கருப்பையே ஏந்திக்கொண்டு போய்விடுகிறது. பட்டை தடித்துச் சீர்கெட்டால் அலையும் தாறுமாறாகும்.

மேலே போய்ச் சேர்ந்து கருவானாலும் அடுத்த தடை இருக்கிறது. நோயுள்ள திசு தானே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்துகொள்கிறது. கருவை வரவேற்கச் சவ்வைப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்ட்ரோனின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கரு பதியும் நாட்களில் உயர வேண்டிய ஹாக்ஸ்ஏ10 என்ற மரபணுவின் செயல்பாடு இப்பெண்களில் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அழற்சியும் கூட.

டெஸ்ட் டியூப் சிகிச்சையின் கணக்குகள் இதை எண்ணில் காட்டின. இத்தாலியின் வெர்செல்லினி குழு 2014-இல் பல ஆய்வுகளைத் திரட்டியது. நோயுள்ளவர்களில் கர்ப்பம் உறுதியானது 40.5 சதவீதம், இல்லாதவர்களில் 49.8. கருச்சிதைவு நோயுள்ளவர்களில் 31.9 சதவீதம், இல்லாதவர்களில் 14.1. முதல் வித்தியாசத்தைவிட இரண்டாவதைப் பாருங்கள். ஸ்பெயினில் தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவை வைத்துக்கொண்ட பெண்களை ஆராய்ந்து 2011-இல் வந்த முடிவும் அதே பக்கம் நின்றது: கரு பதிவதில் பெரிய வேறுபாடில்லை, சிதைவது மட்டும் கூடுதல். முட்டை வேறொருத்தியுடையது, ஆகவே குறை முட்டையில் இல்லை, தங்கும் இடத்தில். ‘தங்கவில்லை’ என்று ஆச்சிகள் சொன்னது இதைத்தான்.

சிகிச்சையின் கதை சின்னது. கருப்பையை எடுத்துவிடுவதே நெடுங்காலம் மருந்தாக இருந்தது. பிள்ளை வேண்டுபவளுக்கு அது மருந்தாகாது. மூளையடிச் சுரப்பியை அடக்கி ஈஸ்ட்ரோஜனை வடியவைக்கும் ஜிஎன்ஆர்ஹெச் ஊசிக்குப் பிறகு கருத்தரித்த செய்திகள் 1993-இல் வெளியாயின. ஊசி போடும்வரை கருப்பை சுருங்கும், நிறுத்தினால் மறுபடி பருக்கும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டார்கள்: முட்டையை முதலில் எடுத்துக் கருவாக்கி உறையவைத்துவிட்டு, ஊசியால் கருப்பையைச் சுருக்கி, பிறகு கருவை உள்ளே வைப்பது. ஜப்பானின் ஹிசாவோ ஒசாடா நோயுற்ற தசையை வெட்டியெடுத்துவிட்டு, மிஞ்சிய சுவரை மூன்று மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 104 பேருக்குச் செய்ததை 2011-இல் எழுதினார். பிள்ளை வேண்டும் என்றிருந்த 26 பேரில் 16 பேர் கருத்தரித்தார்கள், 14 பேர் நிறைமாதக் குழந்தை பெற்றார்கள். கை தேர்ந்தவர் செய்த கணக்கு அது. தைத்த கருப்பை பிரசவ காலத்தில் கிழியும் அபாயம் உண்டு என்பதால் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் செய்யும் அறுவையல்ல.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர். பாதி ரிப்போர்ட்டில் ‘பல்க்கி யூட்ரஸ்’. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் தம்பி மகள் வாட்ஸப்பில் ஒன்றை அனுப்பிவிட்டு அழாத குறையாகப் பேசினாள். “அத்தே, அடினோமயோசிஸ் சந்தேகம்னு போட்டிருக்கு. இனிமே எனக்குப் பிறக்கவே பிறக்காதா?” கருப்பை கொஞ்சம் பெரிதாக இருப்பதே நோயாகிவிடாது என்றேன். சுவரில் எந்தப் பக்கம் தடிப்பு, உட்பட்டை சிதைந்திருக்கிறதா, சவ்வுக்கடியில் சிறு நீர்க்குமிழ்கள் தெரிகின்றனவா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். நோய் இருந்தும் சிகிச்சையே இல்லாமல் பெற்றவர்களின் கருப்பை எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கிறது. அந்தப் பழைய படிவங்கள் அந்த ஒரு விஷயத்துக்குச் சரியான சாட்சி.

வலி எப்போதிலிருந்து என்று கேட்டேன். எட்டாவது படிக்கும்போதே என்றாள். ஸ்கூலுக்குப் போகாமல் படுத்துக் கிடந்த நாட்களை யாரும் ஒரு டாக்டரிடம் சொல்லவில்லை. அதை எழுதிக் கொண்டுபோய் முதலில் கொடு என்றேன்.

கருக்குழாய் சோதனை ஆகிவிட்டது, ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டது, லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி கேட்கிறார்கள் என்று அடுக்கினாள். மாப்பிள்ளைக்கு விந்துப் பரிசோதனை என்ன வந்தது என்றேன். அவர் இன்னும் போகவில்லையாம், வேலை அதிகமாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, செலவும் சொற்பம். அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.